மேடு ஏறும்போது உச்சி இடம் மாறும்: நடு எஞ்சின் கிட் காரில் கூலன்ட் ஓட்டத்தைச் சரிசெய்த பதிவு

கம்பளையிலிருந்து புசல்லாவை வரை வெப்பமானி ஊசி நடுவில் நிற்கும். ரம்பொடை வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் சிவப்புப் பக்கம் நகரும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை வெறுமனே ஓடவிட்டால் சில நிமிடங்களில் இறங்கிவிடும். திரும்ப ஏறினால் திரும்பவும் அதேதான். சமதரையில் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் இந்தக் கோளாறு தலைகாட்டுவதில்லை.

வண்டி ஒரு நடு எஞ்சின் கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கிக் கூட்டும் வகை. குழாய்ச் சட்டகம், ஃபைபர் உடல். இருக்கைகளுக்குப் பின்னால் டொயோட்டா 4ஏ-எஃப்இ எஞ்சின் தன் கியர்பெட்டியோடு குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. கொரொல்லாவில் முன்னால் இருக்கும் அதே அமைப்பைப் பின்னுக்குத் தள்ளியது மாதிரி. ரேடியேட்டர் மட்டும் மூக்கில். இரண்டுக்கும் இடைத்தூரம் 2.7 மீட்டர். கொரொல்லாவில் இரண்டு குட்டை ஹோஸ்களில் முடியும் வேலை இங்கே போக 2.6 மீட்டர், வர 2.6 மீட்டர் குழாயில் நடக்கிறது.

வேலைக்கு வரும் முன்பே பெரிய அலுமினிய ரேடியேட்டர் போட்டாயிற்று. தெர்மோஸ்டாட்டையும் (தண்ணீர் சூடேறிய பிறகே ரேடியேட்டர் வழியைத் திறக்கும் வால்வு) கழற்றியாயிற்று. முதலாவதால் பயன் இல்லை. இரண்டாவது கெடுதல் செய்தது. ஏன் என்பது கீழே வருகிறது.

எதையும் கழற்றும் முன் அளந்தது

சூடு ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் இடையிலான அடைப்புத் தகடு. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டி வாயில் நீல நிறத் திரவச் சோதனைக் குழாயை வைத்து, எஞ்சின் ஓடும்போது எழும் காற்றை அதன் வழியாக உறிஞ்சினால் போதும். எஞ்சினில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இங்கே மாறவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் குழாய் வேலையில் இறங்கக் கூடாது. கேஸ்கெட் போன எஞ்சினில் எத்தனை தடவை காற்றை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்தது கூலன்டை அழுத்தத்தில் பிடித்துவைக்கும் மூடி. மலைநாட்டில் மூடிக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பைப் பலர் கொடுப்பதில்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதிக்கும். ஹட்டனில் 96 அளவில். மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்தால் நுவரெலியாவிலும் வெறும் தண்ணீரின் கொதிநிலை 115 அளவுக்கு ஏறும். கூலன்ட் கலந்தால் இன்னும் கொஞ்சம். ரப்பர் தேய்ந்து மூடி அழுத்தம் பிடிக்காமல் போனால், எஞ்சின் தன் வழக்கமான வெப்பத்தில் ஓடும்போதே தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். கொழும்பில் அதே மூடிக்கு இன்னும் ஆறு டிகிரி அவகாசம் கிடைப்பதால் அங்கே குறை வெளியே தெரியாமல் போகும். இந்த எஞ்சினின் மூடி 0.75 முதல் 1.05 பாருக்குள் திறக்க வேண்டும். கைப்பம்புச் சோதனையில் 0.6-க்குக் கீழே விட்டுக்கொடுத்தால் தூக்கி எறியுங்கள்.

பிறகு வெப்பம். எஞ்சினிலிருந்து வெளியேறும் குழாயில் ஒன்று, ரேடியேட்டரிலிருந்து திரும்பும் குழாயில் ஒன்று என இரண்டு கே வகை வெப்ப உணரிகளைக் கட்டி, மேலே நுரைப்பட்டை சுற்றி, மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். சுடும் பக்கம் 104, திரும்பும் பக்கம் 78. வித்தியாசம் 26 டிகிரி. அளப்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை, இதைவிடத் தெளிவாகப் பேசும் எண்ணும் இல்லை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் ரேடியேட்டர் தன் வேலையைச் செய்கிறது, அதற்குள் போகும் தண்ணீர்தான் போதவில்லை. வித்தியாசம் ஆறேழு டிகிரியாக இருந்து இரண்டு பக்கமும் சூடாக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுத்தான் போதவில்லை.

கணக்கும் அதையே சொல்கிறது. மேட்டில் இந்த எஞ்சின் கூலன்டுக்குத் தள்ளும் வெப்பத்தை 35 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவை நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடினால் வித்தியாசம் 10 டிகிரி. 26 டிகிரி என்றால் ஓட்டம் 23 லிட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று பொருள். “தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் ஆற நேரமிருக்காது” என்று கராஜ்களில் சொல்வது தவறு. ஓட்டம் கூடக் கூட ரேடியேட்டர் கழிக்கும் வெப்பமும் கூடும். ஓட்டத்தைக் குறைத்தால் ரேடியேட்டர் வாயில் வரும் தண்ணீர் அதிகம் ஆறியிருக்கும். ஹெட்டுக்குள் இருக்கும் தண்ணீர் அதைவிட அதிகம் கொதித்திருக்கும்.

குழாய்

பழைய குழாய் வெளிவிட்டம் 25 மி.மீ., சுவர் 1.5 மி.மீ., ஆகவே உள்விட்டம் 22 மி.மீ.தான். எஞ்சின் வாய்க்குப் பொருந்தும் ஹோஸோ 32 மி.மீ. இரண்டையும் இணைக்க நான்கு இடத்தில் குறுக்கிகள். குழாய் வாங்கும்போது எல்லோரும் விழும் குழி இது: கடையில் சொல்லும் அளவு வெளிவிட்டமா உள்விட்டமா என்று கேட்பதில்லை. தண்ணீர்க் குழாய்க் கடையில் ஓர் அங்குலம் என்றால் உள்ளே ஏறத்தாழ 27 மி.மீ. இருக்கும், தளபாடக் குழாய் விற்கும் இடத்தில் ஓர் அங்குலம் என்றால் வெளியே 25.4. வெர்னியர் அளவுகோல் இல்லாமல் கடைக்குப் போக வேண்டாம்.

உராய்வால் இழக்கும் அழுத்தம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குக் கிட்டத்தட்ட எதிர்விகிதமாகப் போகும். அதனால் சில மில்லிமீட்டர்கூடப் பெரிய வித்தியாசம். புதிதாகப் போட்டது 304 தர ஸ்டெயின்லெஸ் குழாய், வெளிவிட்டம் 31.8, சுவர் 1.2, உள்விட்டம் 29.4. அதே ஓட்டத்துக்கு இழப்பு பழையதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிறது. 32 மி.மீ. ஹோஸ் குறுக்கி இல்லாமல் நேரே ஏறி இறுகுகிறது. இதைவிடப் பெரிய குழாய் தேவையில்லை; வண்டியின் நடுவே குழாய் போகும் சுரங்கத்தில் இடத்தை அடைக்கும், தண்ணீர் எடையும் கூடும். இப்போது இரண்டு குழாய்களிலும் சேர்த்து 3.5 லிட்டர் நிற்கிறது. முழு அமைப்புக்கும் 11 லிட்டர் கலவை தேவைப்பட்டது.

வளைவுகளைக் கையால் மடிக்க வேண்டாம். மெல்லிய சுவர்க் குழாய் உள்வளைவில் நசுங்கி, கண்ணுக்குத் தெரியாமலே பாதி வழியை அடைக்கும். பால் தொழிற்சாலைக் குழாய் வேலைக்கு விற்கும் ஆயத்த ஸ்டெயின்லெஸ் வளைவுகளை வெட்டி, ஆர்கன் வெல்டிங்கில் ஒட்டுவது நல்லது. 90 டிகிரி முழங்கை ஒன்றுக்குப் பதிலாக 45 டிகிரி வளைவுகள் இரண்டு. வெல்டிங்கின்போது குழாய்க்குள்ளும் ஆர்கன் விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் உள்பக்கம் கரிந்து சர்க்கரைக் கட்டி மாதிரிப் பொருக்கு நிற்கும். அது உதிர்ந்து ரேடியேட்டரின் நுண்குழாய்களில்தான் போய் உட்காரும்.

ஹோஸ் ஏறும் முனைகளில் விளிம்பு கட்டாயம். விளிம்பு அடிக்கும் கருவி இல்லாவிட்டால் முனையிலிருந்து 6 மி.மீ. உள்ளே 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சுற்றி வெல்டிங் செய்து, அரத்தால் வழவழப்பாக்கலாம். கிளிப் விளிம்புக்கு உள்பக்கம் வர வேண்டும், விளிம்பின் மேலே அல்ல. எஞ்சின் ஆடும், சட்டகம் ஆடாது. எனவே எஞ்சின் பக்கம் குறைந்தது 12 செ.மீ. ஹோஸ் விட்டுவிடுங்கள். பம்புக்குத் திரும்பும் பக்கத்து ஹோஸ் உறிஞ்சலில் சப்பையாகும் வாய்ப்புண்டு. அங்கே உள்ளே சுருள்கம்பி வைத்த ஹோஸ் அல்லது நான்கடுக்கு சிலிக்கன் ஹோஸ்.

உச்சி எங்கே

பழைய குழாய் கியர்நெம்புக்குக் கீழே ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல் ஏறி இறங்கியது. அந்தக் கூனில் காற்று தங்கியது. எஞ்சின் ஓடும்போது ஓட்டம் அதை நசுக்கிக்கொண்டு பக்கத்தால் போகும், நிறுத்தியதும் மறுபடி கூடும். புதுக் குழாய் சட்டத்துக்குக் கீழாகப் போகிறது, மூக்கிலிருந்து எஞ்சின் வரை 3 செ.மீ. மெல்ல ஏறுகிறது. அடிப்பக்கத்தில் 3 மி.மீ. அலுமினியத் தகட்டுக் கவசம் வைத்தாக வேண்டும். தோட்டப் பாதைக் கற்கள் மன்னிக்காது.

நடு எஞ்சின் வண்டிகளைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி சமதரையை மனதில் வைத்தது. அங்கே எஞ்சின் ஹெட் எப்போதும் ரேடியேட்டரைவிட உயரம், அதனால் காற்றெல்லாம் ஹெட்டுக்கு வரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அது பொய்க்கிறது. பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் 2.7 மீட்டர் தள்ளியிருக்கும் ரேடியேட்டர் 27 செ.மீ. உயர்கிறது. இந்த வண்டியில் ரேடியேட்டர் மேல்தொட்டி தரையிலிருந்து 58 செ.மீ., ஹெட் வாய் 72 செ.மீ. சமதரையில் 14 செ.மீ. தாழ இருந்தது ஏற்றத்தில் 13 செ.மீ. உயரத்துக்கு வந்துவிடுகிறது. ஆக, ஏறும்போது காற்று முன்னே போய் ரேடியேட்டரின் மேல் வரிசைகளை அடைக்கிறது. நானுஓயாவிலிருந்து ராதெல்ல குறுக்குவழியில் இறங்கும்போது அதே காற்று பின்னே வந்து ஹெட்டில் கூடுகிறது. மலைப்பாதை வண்டிக்குக் காற்றுப்போக்கி இரண்டு முனையிலும் வேண்டும். ஒன்று மட்டும் வைத்தால் பாதி நாள் அது தவறான முனையில் இருக்கும்.

செய்தது: ரேடியேட்டர் மேல்தொட்டியின் உயர்ந்த மூலையில் ஒரு முலைக்குழாய், ஹெட் வாய்க்கு மேலே இன்னொன்று. இரண்டிலிருந்தும் உள்விட்டம் 6 மி.மீ. ஹோஸ் தனித்தனியே மேல்நிலைத் தொட்டிக்கு வருகிறது. ஒன்றாக இணைத்துக் கொண்டுவரக் கூடாது. அழுத்தம் கூடிய பக்கம் மற்றதைத் தடுக்கும். ஒவ்வொன்றிலும் 3 மி.மீ. துளையிட்ட பித்தளைத் தக்கை. தக்கை இல்லாவிட்டால் சுடுதண்ணீர் ரேடியேட்டரைச் சுற்றாமல் இந்தக் குறுக்குவழியால் கணிசமாகத் திரும்பும், தொட்டியில் நுரைக்கவும் செய்யும். 2 மி.மீ.க்குக் கீழே போனால் அழுக்கு அடைக்கும்.

தொட்டி 2 லிட்டர், இருக்கைப் பின்சுவரில், வாய் 88 செ.மீ. உயரத்தில். 11 லிட்டர் கலவை குளிரிலிருந்து 100 டிகிரிக்கு வரும்போது ஏறத்தாழ 5 சதவீதம், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் கூட விரியும். ஆகவே குளிரில் பாதி நிரப்பி ஒரு லிட்டர் வெற்றிடம் விட்டால் தாராளம். அழுத்த மூடி இந்தத் தொட்டியில்தான். ரேடியேட்டரில் மூடி இருந்தால் அதைத் துவாரமற்ற அடைப்பாக மாற்ற வேண்டும். இரண்டு அழுத்த மூடிகள் இருந்தால் பலவீனமானது முடிவு செய்யும்.

ஏற்றம் பத்துக்கு ஒன்றைத் தாண்டினால் தொட்டி ரேடியேட்டரைவிடத் தாழ்ந்துவிடுமே என்ற கேள்வி நியாயமானது. எஞ்சின் ஓடும்வரை கவலையில்லை. தொட்டியின் அடிக்குழாய் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் சேர்கிறது. ரேடியேட்டர் மேல்தொட்டியில் அதைவிட அழுத்தம் அதிகம். பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோபாஸ்கல்தான் வேண்டும், பம்ப் அதைவிடப் பல மடங்கு கொடுக்கும். காற்றைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆனால் மூக்கு மேலே நிற்கும் நிலையில் மூடியை ஒருபோதும் திறக்க வேண்டாம், எஞ்சின் ஆறியிருந்தாலும். ரேடியேட்டரில் உள்ள தண்ணீர் தொட்டி வாயால் வழியும், அந்த இடத்தில் காற்று புகும்.

அடிக்குழாய் 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஹீட்டர் திரும்பும் குழாயில் T வடிவ இணைப்பு வைத்துச் சேர்ப்பது இந்த எஞ்சினுக்கு வசதி, ஏனெனில் அது தெர்மோஸ்டாட்டுக்கு உள்பக்கம், பம்ப் வாயில் சேர்கிறது. ரேடியேட்டர் திரும்பும் குழாயில் சேர்த்தால் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது பம்புக்கும் தொட்டிக்கும் தொடர்பு அறுந்துபோகும். குளிர்ந்த எஞ்சினை அதிகச் சுற்றில் ஓட்டினால் பம்ப் விசிறிக்குப் பின்னால் குமிழி கட்டும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டது

4ஏ எஞ்சினில் தெர்மோஸ்டாட் திரும்பும் பக்கத்தில், பம்பின் நுழைவாயில் கூட்டுக்குள் இருக்கிறது. அதற்கு இரண்டு தட்டுகள். மேல்தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது கீழ்த்தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் பம்புக்கே திரும்பும் பைபாஸ் வழியை மூடுகிறது. முழுதாகக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். 2.7 மீட்டர் போய்வர வேண்டிய தண்ணீர், பக்கத்திலேயே வழி இருக்கும்போது அந்தப் பக்கம்தான் போகும். சூடு குறையட்டும் என்று செய்த வேலை ரேடியேட்டர் ஓட்டத்தைத்தான் குறைத்திருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓட்டியாக வேண்டிய நிலை வந்தால் பைபாஸ் துளையையும் அடைக்க வேண்டும், ஆனால் நுவரெலியாக் குளிரில் எஞ்சின் சூடேறவே நேரம் பிடிக்கும். எண்ணெயில் ஈரம் சேரும்.

புதியதை வாங்கியதும் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சிச் சோதியுங்கள். 80 முதல் 84 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கி, 95-இல் 8 மி.மீ. தூக்க வேண்டும். மலைநாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு: நுவரெலியாவில் பாத்திரத்துத் தண்ணீர் 95-ஐ எட்டாது. தூக்கும் உயரம் குறைவாகத் தெரிந்து நல்ல வால்வைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கக்கூடும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலவையில் போட்டுக் காய்ச்சினால் 95-ஐத் தாண்டும். சமையல் பாத்திரம் வேண்டாம், கூலன்ட் விஷம். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

அசையும் சிறு ஊசியுள்ள துளை மேலே பார்க்கும்படி பொருத்த வேண்டும். ஊசி இல்லாத வால்வு என்றால் தட்டின் மேல்விளிம்பில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். இறக்கத்தில் வால்வு மூடிக்கொள்ளும், முன்னால் உள்ள தண்ணீர் குளிர்ந்துவிடும். அடுத்த ஏற்றத்தில் வால்வு திறந்ததும் அந்தக் குளிர்தண்ணீர் மொத்தமாக வந்து மோதி மறுபடி மூடவைக்கும். நீண்ட குழாய் வண்டிகளில் வெப்பமானி ஊசி ஏறி இறங்கித் தவிப்பது இதனால். சிறு துளையால் கசியும் சூடு அந்தத் தவிப்பைத் தணிக்கும்.

நிரப்புதல்

கலவைக்கு டிஸ்டில்ட் வாட்டர். மலை ஊற்றுப் பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் வேண்டாம்; மழைக்காலத்தில் வரும் நுண்மண் அலுமினிய ரேடியேட்டரில் படியும். ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருப்பதால் துருத்தடுப்புள்ள கூலன்ட் கட்டாயம், இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றமும்.

சமதரையில் ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து, ரேடியேட்டர் பக்கத்துக் காற்றுப்போக்கி ஹோஸைத் தொட்டியிலிருந்து கழற்றி ஒரு போத்தலுக்குள் விடுங்கள். தொட்டி வழியாக மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் பிளாக், ஹெட், சுடுகுழாய், ரேடியேட்டர் என்று சுற்றி, கடைசியில் திரும்பும் குழாயில் தெர்மோஸ்டாட் வரை வரும். அங்கே உள்ள காற்றுக்கு அந்த 3 மி.மீ. துளை மட்டுமே வழி. அவசரப்பட்டால் ஏழு லிட்டரில் நிறைந்துவிட்டது போல் தெரியும். பத்து நிமிடம் விட்டு மறுபடி ஊற்றினால் இன்னும் இறங்கும். போத்தலில் குமிழி இல்லாமல் தண்ணீர் வந்ததும் ஹோஸைப் பொருத்துங்கள்.

பிறகு மேட்டை ஜாக்காகப் பயன்படுத்தலாம். முதலில் மூக்கு கீழே பார்க்க ஒரு சரிவில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, மூடி திறந்தபடி 1,500 சுற்றில் ஓடவிடுங்கள். ஹெட்டின் காற்று வரும். அளவை நிரப்பி, மூடியை இறுக்கி, வண்டியைத் திருப்பி மூக்கு மேலே பார்க்க நிறுத்தி 2,500 சுற்றில் ஐந்து நிமிடம். தொட்டிக்குள் வரும் ஹோஸ் ஒளிபுகும் வகையாக இருந்தால் குமிழி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சமதரைக்கு வந்து முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறந்து நிரப்புங்கள். இந்த இரண்டு நிலையையும் இரண்டு தடவை செய்த பிறகுதான் அளவு நின்றது; மொத்தம் உள்ளே போனது 11 லிட்டரும் சொச்சமும்.

காற்றுப் பக்கம்

இதில் சுருக்கமாகச் சொல்லலாம். ரேடியேட்டருக்கும் மூக்குத் திறப்புக்கும் இடையே உள்ள இடுக்குகளை நுரைப்பட்டையால் அடைத்தோம். காற்று ரேடியேட்டரைச் சுற்றிப் போக வழியிருந்தால் சுற்றித்தான் போகும். ஃபேன் சரியான பக்கம் இழுக்கிறதா என்று ஒரு தாளை மூக்கில் பிடித்துப் பாருங்கள். வயர் மாறிப்போட்டு எதிர்ப்பக்கம் ஊதும் ஃபேன் மெல்லிய வேகத்தில் ஓட்டும்போதுதான் காட்டிக்கொடுக்கும். பேட்டரி பின்னால், ஃபேன் முன்னால் என்பதால் ஃபேன் முனையில் ஓடும்போது வோல்ட் அளவையும் பாருங்கள். 13-க்குக் கீழே என்றால் வயர் மெலிது, அல்லது பூமி இணைப்பு கெட்டது.

நுவரெலியாக் குளிர் கைகொடுக்கும் என்று நம்பிக் காற்றுப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது. 30 டிகிரிக் கொழும்போடு ஒப்பிட்டால் 18 டிகிரி நுவரெலியாவில் ரேடியேட்டருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. ஆனால் அதே ஃபேன் தள்ளும் காற்றின் எடை ஆறில் ஒரு பங்கு குறைகிறது. லாபமும் நட்டமும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தின்றுவிடும்.

ஏற்றிப் பார்த்தது

அதே ரம்பொடை ஏற்றம், அதே உணரிகள். சுடும் பக்கம் 93, திரும்பும் பக்கம் 82. வித்தியாசம் 11 டிகிரி. கணக்குப்படி ஓட்டம் நிமிடத்துக்கு 54 லிட்டர் அளவு. மேலே போய் நிறுத்தி உடனே எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டோம். பின்சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே சூடு தேங்கும் வண்டி இது. பம்ப் நின்றதும் ஹெட்டில் தங்கும் தண்ணீர் மேலும் சூடேறும். பழைய நாட்களில் அணைத்த பிறகு தொட்டி குமுறிய சத்தம் இப்போது இல்லை.

முதல் 200 கிலோமீட்டருக்குப் பிறகு, வண்டி குளிர்ந்திருக்கும் காலையில், எல்லாக் கிளிப்களையும் கால் சுற்று இறுக்க வேண்டியிருந்தது. சிலிக்கன் ஹோஸ் முதல் சில சூடு-குளிர் சுற்றுகளில் தளரும். சூட்டில் தொட்டுப் பார்த்தால் இறுக்கமாகத் தெரியும், நுவரெலியாக் காலைக் குளிரில்தான் சொட்டும். தொட்டியில் குளிர் அளவுக்கு ஒரு கோடு கீறிவையுங்கள், வண்டி எந்தச் சாய்வில் நின்றபோது கீறியது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.